ஸ்ட்ரேஞ்ச் ஜர்னி ரீடக்ஸ்: புதிதாக ஆடுகிறவர்களுக்கு (கோ-ஆப்பில் நான் சறுக்கிய இடம் உட்பட)

ஸ்ட்ரேஞ்ச் ஜர்னி ரீடக்ஸ் என்ற வீடியோ கேமில், டெல்ஃபினஸ் பகுதியின் பாஸ் (அந்தப் பகுதியின் பெரிய எதிரி) அசுராவிடம் நான் ஏழு முறை தோற்றேன். லெவல் போதவில்லை என்று நினைத்து இரண்டு மாலைப்பொழுதுகள் அங்கேயே சுற்றிச் சுற்றிச் சண்டை போட்டு லெவல் ஏற்றினேன். எட்டாவது முறையும் அடிதான். கடைசியில் பார்த்தால் கோளாறு லெவலில் இல்லை. கதையில் ஒருவர் கேட்ட கேள்விக்கு நான் யோசிக்காமல் சொன்ன பதிலில் இருந்தது. அது எப்படி என்று படி 4-இல் விரிவாக எழுதியிருக்கிறேன். அவசரக்காரர்கள் நேராக அங்கே போய்விடலாம்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஷின் மெகாமி டென்செய் வரிசையில் 2009-இல் ஜப்பானில் நின்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்கக் கன்சோலுக்கு வந்த ஆட்டம் ஸ்ட்ரேஞ்ச் ஜர்னி. அதையே புதுப்பித்து, அடுத்து வந்த கன்சோலான 3டிஎஸ்ஸுக்கு 2017-இல் ஜப்பானிலும் 2018-இல் ஆங்கிலத்திலும் வெளியிட்டார்கள். அதுதான் ரீடக்ஸ். கதை தென்துருவத்தில் நடக்கிறது. அண்டார்டிகாவில் ஷ்வார்ட்ஸ்வெல்ட் என்ற கருவெளி ஒன்று தோன்றி, நாளுக்கு நாள் பெருகி உலகத்தை விழுங்கப் பார்க்கிறது. உள்ளே போய்ப் பார்க்க நான்கு கப்பல்களில் ஒரு படை கிளம்புகிறது. நாம் ரெட் ஸ்ப்ரைட் கப்பலில் இருக்கும் ஒரு வீரர். உடம்பில் டெமோனிகா என்ற கவச உடை, கப்பலில் ஆர்தர் என்ற செயற்கை அறிவு, எதிரே டெமன்கள், அதாவது பேய் பிசாசு வகையறா. விண்வெளிக்கே போகாத விஞ்ஞானக் கதை. ஆனாலும் வேற்றுக்கிரகத்தில் இறங்கிய உணர்வு முதல் பத்து நிமிடத்திலேயே வந்துவிடும்.

படி 1: கார்ட்ரிட்ஜை வாங்கும் முன் கன்சோலைத் திறந்து பாருங்கள்

3டிஎஸ்ஸின் இணையக் கடை 2023 மார்ச்சிலேயே புதிய விற்பனையை நிறுத்திவிட்டது. முன்பே வாங்கி வைத்திருக்காதவர்களுக்குப் பழைய கார்ட்ரிட்ஜ் (கன்சோலில் செருகும், ஆட்டம் அடங்கிய சிறு அட்டை) ஒன்றுதான் வழி. 3டிஎஸ் ஆட்டங்களுக்குப் பிராந்தியப் பூட்டு உண்டு. அமெரிக்க கார்ட்ரிட்ஜ் ஐரோப்பிய கன்சோலில் ஓடாது, ஜப்பானியது இரண்டிலும் ஓடாது.

உங்கள் கன்சோல் எந்த ஊருடையது என்று தெரியவில்லையா? சிஸ்டம் செட்டிங்ஸுக்குள் போங்கள். மேல்திரையின் ஓரத்தில் பதிப்பு எண் இருக்கும். அதன் கடைசி எழுத்து யூ என்றால் அமெரிக்கா, ஈ என்றால் ஐரோப்பா, ஜே என்றால் ஜப்பான். கார்ட்ரிட்ஜின் லேபிளிலும் பொடி எழுத்தில் நாட்டுக் குறி இருக்கும். விற்பவரிடம் லேபிளைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அட்டைப்பெட்டியின் படத்தை மட்டும் அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நான் ஒப்புக்கொண்டேன். பெட்டி ஒன்று, உள்ளே வந்த கார்ட்ரிட்ஜ் வேறொன்று. ஒரு மாதம் அது என் மேஜை மேல் காகிதம் பறக்காமல் இருக்கப் பயன்பட்டது.

பழைய டிஎஸ் பதிப்புக்கு இந்தப் பூட்டு கிடையாது, எந்த 3டிஎஸ்ஸிலும் போட்டு ஆடலாம். கையில் அது கிடைத்தால் ஆட்டத்தின் முக்கால்வாசி அதிலும் இருக்கிறது. அலெக்ஸ் என்ற புதிய பாத்திரமும், வூம்ப் ஆஃப் கிரீஃப் என்ற கூடுதல் நிலவறையும், புதிய முடிவுகளும் ரீடக்ஸில்தான் உண்டு. ஓவியத்தைப் பொறுத்தவரை எனக்குப் பழையதே பிடிக்கும். சண்டைக்கு வரத் தயாரில்லை, சொல்லிவைத்தேன், அவ்வளவுதான்.

எந்த கன்சோல் நல்லது என்று கேட்டால் என் ஓட்டு நியூ 2டிஎஸ் எக்ஸ்எல்லுக்கு. எடை குறைவு, திரை பெரிது. முப்பரிமாணம் இல்லாததை இந்த ஆட்டத்தில் நான் ஒருமுறைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

படி 2: ஆரம்பக் கேள்விகள்

பெயர் கேட்டதும் சில கேள்விகள் வரும். அவை உங்கள் பலம், மந்திர சக்தி போன்ற எண்கள் எப்படி வளர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை. சரியான பதில் என்று ஒன்றும் கிடையாது, மனதுக்குப் பட்டதைச் சொல்லிவிட்டு நகருங்கள். இதற்கென்று பட்டியல் போட்டு ஆராய்ச்சி செய்பவர்கள் இருக்கிறார்கள். முதல் ஆட்டத்துக்கு அது வீண் வேலை.

படி 3: டெமன்களோடு பேச்சுவார்த்தை

எதிரியாக வரும் டெமன் முதல் முறை உருவமே தெரியாமல் இரைச்சல் கோலமாகத் தெரியும். திரை கெட்டுப்போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம். ஒருமுறை வீழ்த்தினால் முகம் தெரியும், மறுபடி மறுபடி மோத மோத அதன் பலவீனம் வரை டெமோனிகா சொல்லிவிடும்.

சண்டையின் நடுவே பேச்சு என்பதைத் தேர்ந்தெடுத்தால் டெமன் கேள்வி கேட்கும், பிறகு பேரம் பேசும். உங்கள் எச்பியில் (உயிர் அளவில்) கொஞ்சம் கேட்கும், ஒரு பொருள் கேட்கும், பணம் கேட்கும். பேரம் படிந்தால் உங்கள் அணியில் சேர்ந்துவிடும். பணத்துக்கு இந்த ஆட்டத்தில் பெயர் மக்கா. நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள் சிரித்து முடித்ததும் தொடரலாம்.

மூன்று விஷயம் நினைவில் இருக்கட்டும். உங்கள் லெவலைவிட உயர்ந்த டெமன் உங்களோடு சேராது. ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் அதே டெமனிடம் பேசினால் சேர்வதற்குப் பதில் ஏதாவது கொடுத்துவிட்டுப் போகும், இது நல்ல வருமானம். அப்புறம், ஆட்டத்துக்குள் முழுநிலவு இருக்கும்போது பேச்சு எடுபடாது. அப்போது அடிப்பதோ ஓடுவதோதான் புத்திசாலித்தனம்.

படி 4: கோ-ஆப், அதாவது நான் விழுந்த குழி

இதை இரண்டு முறை படியுங்கள்.

ஒவ்வொரு டெமனுக்கும் பிறவியிலேயே ஒரு சார்பு உண்டு: லா, நியூட்ரல், கேயாஸ். ஒழுங்கின் பக்கம், நடுநிலை, கலகத்தின் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் அணியில் யாராவது எதிரியின் பலவீனத்தில் அடித்தால், அடித்தவரின் அதே சார்புள்ள மற்றவர்களும் உடனே பாய்ந்து கூடுதலாக ஒரு அடி கொடுப்பார்கள். அதுதான் டெமன் கோ-ஆப். களத்தில் நீங்களும் மூன்று டெமன்களும், ஆக நான்கு பேர். நால்வரும் ஒரே சார்பாக இருந்தால் ஒரு பலவீனத்துக்கு விழும் கூடுதல் அடி பாஸையே தள்ளாட வைக்கும். இந்த ஆட்டத்தின் சண்டையில் இதுதான் உயிர்நாடி. இதில்லாமல் ஆடுவது தேரை ஒற்றை ஆளாக இழுப்பது போல.

இதை நானும் தொடக்கத்திலேயே படித்திருந்தேன். அணி முழுக்க நியூட்ரல் டெமன்களாக அடுக்கினேன். அன்ட்லியா, பூட்டீஸ், கரைனா மூன்று பகுதிகளும் சிரமமில்லாமல் ஓடின. டெல்ஃபினஸில் திடீரென்று அடியில் பலம் இல்லை. டெமன்கள் மூவரும் தங்களுக்குள் கோ-ஆப் செய்துகொண்டார்கள். நான் பலவீனத்தில் அடித்தால் மட்டும் யாரும் எழுந்து வரவில்லை, அவர்கள் அடித்தால் நான் சும்மா நின்றேன்.

காரணம் எளிது. சார்பு டெமன்களுக்கு மட்டுமல்ல, நமக்கும் உண்டு. டெமன்களுடையது மாறாது, நம்முடையது மாறும். கதையில் கேட்கப்படும் கேள்விகளுக்கு நாம் சொல்லும் பதில்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் நகர்த்துகின்றன. படையில் ஜெலேனின் என்ற விஞ்ஞானியும் ஜிமெனெஸ் என்ற முரட்டு வீரரும் இருக்கிறார்கள். ஜெலேனின் சொல்வதற்குத் தலையாட்டிக்கொண்டே போனால் லா பக்கம் சாய்வீர்கள், ஜிமெனெஸுக்குத் தலையாட்டினால் கேயாஸ். எனக்கு ஜிமெனெஸின் பேச்சு பிடித்திருந்தது. மனிதர் பகபூ என்ற டெமனிடம் வைத்திருக்கும் பாசம் வேறு. எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டேன். டெல்ஃபினஸ் போய்ச் சேரும்போது நான் கேயாஸ், என் அணி நியூட்ரல். ஒரு வீட்டில் இரண்டு கட்சி.

இனி செய்ய வேண்டியது:

முதலில், ஒவ்வொரு பெரிய உரையாடலுக்குப் பிறகும் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்து உங்கள் சார்பு என்ன என்று பாருங்கள். பத்து விநாடி வேலை. இதைச் செய்யாமல்தான் இரண்டு மாலைகளை இழந்தேன்.

மாறியிருந்தால் இரண்டு வழி. ஒன்று, பதில்களை மாற்றித் திரும்பி வரப் பார்க்கலாம். எனக்கு இது பிடிக்காது, மனதில் இல்லாததைச் சொல்லிக்கொண்டு எவ்வளவு நேரம் ஆடுவது? இன்னொன்று, அணியை மாற்றுவது. நான் இதைத்தான் செய்தேன். ஒரே மாலையில் இருந்த டெமன்களைக் கலந்து மூன்று கேயாஸ் டெமன்களை உருவாக்கினேன். ஒன்பதாவது முயற்சியில் அசுரா விழுந்தார். லெவல் ஒன்றுகூட ஏறவில்லை.

கடைசியாக ஒன்று. நான்கு பேரும் ஒரே சார்பு என்பதற்காக நான்கு பேரிடமும் ஒரே வகைத் தாக்குதலை வைத்துக்கொள்ளாதீர்கள். அகி நெருப்பு, புஃபு பனி, ஜியோ மின்சாரம், ஜான் காற்று. இந்த நான்கும் அணியில் எங்காவது இருக்க வேண்டும். பலவீனத்தைத் தொட்டால்தானே கோ-ஆப். டியா வைத்திருக்கும் ஒருவரும் தேவை, அது காயம் ஆற்றும் மந்திரம்.

படி 5: கலவை

இரண்டு டெமன்களைச் சேர்த்து மூன்றாவதை உருவாக்கலாம். உறுதி செய்யும் முன்பே என்ன பிறக்கும் என்று காட்டிவிடும். எதிர்ச் சார்புள்ள டெமனைப் பேச்சால் இழுப்பது கடினம், கலவையில் அந்தத் தொல்லை இல்லை. என் அணி மாற்றம் ஒரே மாலையில் முடிந்ததற்கு அதுதான் காரணம்.

புதிதாக ஆடுபவர்கள் தவறவிடுவது டி-சோர்ஸ். உங்களோடு இருந்து சண்டையிட்டு நன்கு பழகிய டெமன் ஒருநாள் தன் நினைவாக ஒன்றைக் கொடுக்கும். அடுத்த கலவையில் அதைச் சேர்த்தால் அந்த டெமனின் திறமைகள் புதிய டெமனுக்கும் கிடைக்கும். ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். ஆகவே டெமன் சோர்ஸ் கொடுக்கும் வரை அதைக் கலக்காமல் பொறுத்திருங்கள். முதல் நாள் கிடைத்த பிக்ஸி என்ற டெமனை மறுநாளே கலந்துவிட்டு, டியா இல்லாமல் அலைந்தவன் சொல்கிறேன்.

பாசமாக வளர்த்த டெமனைக் கலக்க மனம் வராது. கலந்துதான் ஆக வேண்டும். லெவலில் பின்தங்கிய டெமனைச் சுமந்துகொண்டு போவதைவிட அதைப் புதியதாக்குவதே இந்த ஆட்டத்தின் கணக்கு.

கடவுச்சொல் போட்டு டெமனை வரவழைக்கும் வசதியும் இருக்கிறது. இணையத்தில் பட்டியல் கிடைக்கும். முதல் ஆட்டத்தில் தொடாதீர்கள், பாதி சுவை போய்விடும்.

படி 6: நோட்டு ஒன்று எடுத்து வையுங்கள்

பகுதிகளின் பெயர்கள் எல்லாம் விண்மீன் கூட்டங்களின் பெயர்கள், ஆங்கில அகரவரிசையில்: அன்ட்லியா, பூட்டீஸ், கரைனா, டெல்ஃபினஸ், எரிடானஸ், ஃபோர்னாக்ஸ், க்ரூஸ், ஹோரோலாஜியம். முதலாவது போர்க்களம், இரண்டாவது கேளிக்கை மாளிகை, மூன்றாவது பெரிய கடைவளாகம், நான்காவது குப்பைமேடு. மனிதர்கள் பூமிக்குச் செய்ததை டெமன்கள் திருப்பிக் காட்டுகிறார்கள்.

வரைபடம் தானாக வரையப்படும். எரிடானஸ் வரை அது போதும். எரிடானஸில் ஓரிடத்தில் மிதித்தால் வேறிடத்தில் தூக்கிப் போடும் தளங்கள் ஏராளம். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒவ்வொரு தளத்துக்கும் எண் கொடுத்து, எது எங்கே கொண்டுபோகிறது என்று அம்புக்குறி போட்டேன். கைபேசியில் படம் எடுத்து வைப்பவர்கள் உண்டு. நாற்பது படங்களில் எது எது என்று தேடும்போது நோட்டின் அருமை தெரியும்.

பின்சேர்க்கை 1: பழைய கார்ட்ரிட்ஜ் வாங்கிய ஒருவர், ஆட்டம் திறந்ததும் யாரோ ஆடிய சேவ் (சேமித்து வைத்த ஆட்டம்) இருக்கிறது, அழிக்கலாமா என்று கேட்டிருந்தார். 3டிஎஸ் கார்ட்ரிட்ஜுகளில் சேவ் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயேதான் இருக்கும், முந்தைய சொந்தக்காரருடையது அது. தாராளமாக அழிக்கலாம். அழிக்கும் முன் ஒருமுறை திறந்து அவர் எந்தச் சார்பில் இருந்தார் என்று பார்த்துவிடுங்கள், சுவாரசியமாக இருக்கும். டவுன்லோட் செய்த பதிப்பு என்றால் சேவ் எஸ்டி கார்டில், அந்த கன்சோலோடு பிணைந்து இருக்கும். கார்டை இன்னொரு கன்சோலில் போட்டால் வேலை செய்யாது.

பின்சேர்க்கை 2: படி 4-ஐப் படித்துவிட்டு அணியை மாற்றியும் கோ-ஆப் வரவில்லை என்று இருவர் எழுதினார்கள். விசாரித்ததில் இருவருமே துப்பாக்கியால் சுட்டுக்கொண்டிருந்தார்கள், எதிரிக்குத் துப்பாக்கி பலவீனமே இல்லை. சார்பு ஒத்திருந்தால் போதாது, பலவீனத்தில் பட வேண்டும். அந்த வரியைப் படியில் தடித்த எழுத்தில் போட்டிருக்க வேண்டும், தவறு என்னுடையதே.