தண்ணீருக்குள் வள்ளம் தெரிய வேண்டும்: இங்க்ஸ்கேப்பில் ஒபாசிட்டி

மே, ஜூன் மாதங்களில் திருகோணமலை நிலாவெளிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். மாரிமழையில் கலங்கிக் கிடந்த கடல் தெளிந்துபோய், கரையோரம் நிற்கும் வள்ளத்தின் அடிப்பாகம்கூட நீல நிறத்தில் தெரியும். புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் மச்சான் ஒருவர் தன் விளம்பரத் துண்டுக்கு இதைத்தான் கேட்டார்: "வள்ளம் பாதி தண்ணிக்குள்ள தெரியவேணும். தண்ணியும் தண்ணி மாதிரியே இருக்கவேணும்."

இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் நான் முதலில் செய்தது தப்பு. வள்ளத்தின் கீழ்ப்பாதியை வெட்டி, அதன் ஒபாசிட்டியை, அதாவது ஊடுதெரியாமல் மறைக்கும் அளவை, குறைத்தேன். வள்ளம் பேய் மாதிரி வந்தது. யோசித்துப் பாருங்கள், ஊடாகத் தெரிய வேண்டியது வள்ளம் அல்ல, தண்ணீர். வள்ளம் முழுசாக அடியில் இருக்க, தண்ணீர் அதன் மேல் கண்ணாடி போல வர வேண்டும். அதே படத்தை இங்கே ஒன்றாக வரைவோம்.

முதல் படி: வரிசை

இங்க்ஸ்கேப்பில் பிறகு வரைவது மேலே வந்து உட்காரும். அதனால் முதலில் வானத்துக்கு ஒரு நீள்சதுரம், அப்புறம் தூரத்தில் புறாத்தீவு, அப்புறம் வள்ளம், கடைசியாக வள்ளத்தின் பாதியை மூடுகிற மாதிரி கடல். வரிசை மாறிவிட்டால் கடலைத் தெரிவு செய்து விசைப்பலகையில் ஹோம் விசையை அழுத்துங்கள். அது மேலே வந்துவிடும். எண்ட் விசை அடியில் கொண்டுபோய் விடும்.

இப்போது கடலுக்கு நீல ஃபில், அதாவது உள்நிறம், கொடுங்கள். நுரைக்காக வெள்ளை ஸ்ட்ரோக், அதாவது விளிம்புக் கோடு, கொஞ்சம் தடிப்பாக. வள்ளத்தின் பாதி காணாமல் போயிருக்கும். சரி, அப்படித்தான் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: மூன்று குழாய்கள்

கடலைத் தெரிவு செய்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஃபில் அண்ட் ஸ்ட்ரோக் பெட்டி திறக்கும். புதியவர்கள் குழம்புவது இங்கேதான், ஏனென்றால் ஊடுதெரியும் அளவை மாற்ற இந்த ஒரே பெட்டியில் மூன்று இடங்கள் இருக்கின்றன. ஃபில் பகுதியில் நிறங்களுக்குக் கீழே 'ஏ' என்று ஒரு சிலைடர். அதுதான் அல்ஃபா, உள்நிறத்தை மட்டும் மாற்றும். ஸ்ட்ரோக் பெயிண்ட் பகுதியிலும் அதே போல ஓர் 'ஏ' உண்டு, அது கோட்டுக்கு மட்டும். பெட்டியின் அடியில் ஒபாசிட்டி என்று இருப்பது உருவம் முழுவதற்கும்.

ஒரு வீட்டுக்கு மூன்று குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அறைக்கு ஒவ்வொன்று, தெருவில் ஒரு பெரிய குழாய். அறைக் குழாயைப் பாதியும் தெருக் குழாயைப் பாதியும் மூடினால் அந்த அறைக்குக் கால்வாசிதான் வரும். ஃபில் அல்ஃபா 50, ஒபாசிட்டியும் 50 என்றால் உள்நிறம் 25 சதவீதத்தில் வருவது இதனால்தான். "நான் ஐம்பதுதானே வைத்தேன், ஏன் இவ்வளவு மங்கல்?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுவே பதில்.

மூன்றாம் படி: நுரைக் கோட்டில் ஒரு சோதனை

முதலில் வேண்டுமென்றே பிழை விடுவோம். ஸ்ட்ரோக்கின் அல்ஃபாவை மட்டும் 50 ஆக்குங்கள். வெள்ளைக் கோடு இரண்டு பட்டையாகப் பிரிந்திருக்கும், வெளிப்பக்கம் ஒரு நிறம், உள்பக்கம் நீலம் கலந்த வேறு நிறம். மென்பொருளில் கோளாறு இல்லை. ஸ்ட்ரோக் எப்போதும் உருவத்தின் விளிம்பை நடுவில் வைத்து இருபுறமும் பாதிப்பாதி பரவும். உள்பாதி ஃபில்லின் மேல் விழுகிறது, வெளிப்பாதி அதற்கு வெளியே. கோடு ஊடுதெரியத் தொடங்கியதும் இந்தக் கள்ளம் வெளியே வந்துவிடுகிறது.

இனி ஸ்ட்ரோக் அல்ஃபாவை 100க்குக் கொண்டுபோய், அடியிலுள்ள ஒபாசிட்டியை 50 ஆக்கிப் பாருங்கள். பட்டை மறைந்துவிடும். ஒபாசிட்டி முதலில் ஃபில்லையும் ஸ்ட்ரோக்கையும் சேர்த்து ஒரே படமாக்கி, அதன் பிறகே மங்கலாக்குகிறது. ஆனால் நுரையும் சேர்ந்து மங்கிவிட்டதே? நமக்கு வேண்டியது அதுவும் இல்லை. ஒபாசிட்டி 100, ஸ்ட்ரோக் அல்ஃபா 100, ஃபில் அல்ஃபா மட்டும் 55. இப்போது நுரை பளிச்சென்று இருக்க, தண்ணீருக்குள் வள்ளம் தெரியும். 55 என்பது என் கண்ணுக்குப் பிடித்த அளவு, உங்கள் நீலத்துக்கு ஏற்ப மாற்றுங்கள்.

நான்காம் படி: தூரத்துத் தீவு

புறாத்தீவைப் பாறை பாறையாக ஒன்றன்மேல் ஒன்று வரைந்திருப்பீர்கள். தூரத்தில் இருப்பது போல் மங்கலாக்க எல்லாப் பாறையையும் தெரிவு செய்து ஒபாசிட்டியை 50 ஆக்கினால், முன்பாறைக்குள் பின்பாறை தெரியும். இரண்டும் சேரும் இடம் 75 சதவீதத்துக்கு அடர்த்தியாகிவிடும். எக்ஸ்ரே படம் போல இருக்கும். அதைத் திருப்பி 100 ஆக்குங்கள், கன்ட்ரோல் ஜி அழுத்திக் குழுவாக்குங்கள், அப்புறம் குழுவுக்கு 50 கொடுங்கள். தீவு ஒரே துண்டாக மங்கும். லேயர் என்ற அடுக்குக்கும் இதே கணக்குத்தான்.

வெளியே எடுப்பது

பிஎன்ஜி கோப்பாக எடுத்தால் ஊடுதெரியும் பின்னணி அப்படியே நிற்கும். ஜேபெக் கோப்புக்கு அந்த வசதியே இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அல்ல, டாக்குமென்டாக அனுப்புங்கள். அச்சகத்துக்கு பிடிஎஃப் கொடுங்கள். இபிஎஸ் கோப்பு கொடுக்காதீர்கள், அதற்கு ஊடுதெரிதல் என்றால் என்னவென்றே தெரியாது.

மச்சானுக்குப் படத்தை அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அழைப்பு வந்தது. "எல்லாம் நல்லா இருக்கு. ஆனா என்ர ஃபோன் நம்பர் தண்ணிக்குள்ள கிடக்குது மச்சான்." எழுத்தைத் தெரிவு செய்து ஹோம் விசையை அழுத்தி, திரும்பவும் அனுப்பினேன்.