மல்லாட்டை ஆய்விலிருந்து எம்.பி.பி.எஸ். வகுப்புக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்ப் பக்கம் செடிகொடிகளில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கியவர்களுக்குப் பஞ்சமில்லை. சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம், காட்பாடியில் வி.ஐ.டி., விரிஞ்சிபுரத்தில் வேளாண் ஆராய்ச்சி நிலையம். டவுன் பஸ் தூரத்திலேயே பாகாயத்தில் சி.எம்.சி. கல்லூரி, அடுக்கம்பாறையில் 2005இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி. அதனால் ஆய்வுத் திட்டத்துக்குப் பணம் தீரும்போதெல்லாம் 'மெடிக்கல் காலேஜ் பக்கம் போயிடலாமா' என்ற யோசனை வரும். எனக்கும் வந்தது. உயிர்வேதியியலில் எம்.எஸ்சி., நிலக்கடலை வறட்சியைத் தாங்குவது பற்றி முனைவர் பட்டம். எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், மல்லாட்டை வாத்தியார். அங்கிருந்து மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் எடுக்க வந்து, செய்யக்கூடாததை எல்லாம் செய்து பார்த்துவிட்டேன்.

பெரிய தவறு கல்லூரி வாசலுக்கு வருமுன்பே நடந்துவிடுகிறது. 'பிஎச்.டி. இருக்கிறது, கட்டுரைகள் வந்திருக்கின்றன, போதாதா?' என்று நினைத்து இருக்கிற வேலையை விட்டுவிடுவது. போதாது. மருத்துவர் அல்லாத ஒருவர் எம்.பி.பி.எஸ். ஆசிரியராக எந்தத் துறையில் சேரலாம், அதற்கு எந்தப் பட்டம் வேண்டும், மொத்த இடத்தில் எத்தனை விழுக்காடு என்பதையெல்லாம் விதி சொல்கிறது. அந்த விதியும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. மருத்துவக் கவுன்சில் காலத்தில் 1998 விதி, தேசிய மருத்துவ ஆணையம் வந்த பிறகு 2022 விதி, அப்புறம் 2025 விதி. மூத்தவர் ஒருவர் 'எங்க காலத்துல எடுத்தாங்களே' என்று சொன்னால் அது அவர் காலம். எம்.எஸ்சி. தாவரவியலும் மருத்துவப் புலத்தில் படிக்கும் எம்.எஸ்சி. மருத்துவ உயிர்வேதியியலும் ஒன்றல்ல. நடப்பு விதியை ஆணையத்தின் இணையதளத்தில் வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும். சித்த மருத்துவப் பட்டப்படிப்பில் மருத்துவத் தாவரவியல் ஒரு பாடமாகவே இருக்கிறது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அதற்குத் தனி ஆணையம், தனி விதி.

சரி, வேலை கிடைத்துவிட்டது. முதல் வகுப்பு.

என் முதல் வகுப்பில் செல் சவ்வு பாடம். நாற்பது நிமிடம் இலைத்துளையைப் பற்றியே பேசினேன். துளையின் இரண்டு பக்கமும் இருக்கும் காவல் செல்லின் சவ்வில் உள்ள பம்பு புரோட்டானை வெளியே தள்ளும், பொட்டாசியம் உள்ளே வரும், பின்னாலேயே தண்ணீர் வரும், செல் உப்பும், துளை திறக்கும். எனக்கு அது உலகத்திலேயே அழகான விஷயம். கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்து, "சார், இது பேஷன்ட்டுக்கு எங்க வரும்?" என்றான். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

பதில் பக்கத்திலேயேதான் இருந்தது. செடியின் செல் சவ்வில் முக்கியமான பம்பு புரோட்டானுக்கானது. மனித செல்லில் அந்த வேலையைச் செய்வது சோடியம்–பொட்டாசியம் பம்பு. மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே. நண்டின் நரம்பை வைத்து ஜென்ஸ் ஸ்கவ் 1957இல் இதைக் கண்டுபிடித்தார், 1997இல் நோபல் கிடைத்தது. செடி பம்பும் இதுவும் நம் இரைப்பையில் அமிலம் சுரக்கும் பம்பும் ஒரே குடும்பம். இரைப்பைப் பம்பை நிறுத்தத்தான் ஒமிப்ரசோல் மாத்திரை. இதுவரை உவமை சரியாகப் போகும். எந்த இடத்தில் உடைகிறது என்று சொல்லாமல் விட்டால்தான் ஆபத்து. உயர்தாவரங்களில் சோடியம்–பொட்டாசியம் பம்பு கிடையாது. அதைச் சொல்லாததால், செடியில் படித்ததை ஒரு மாணவி அப்படியே மனிதனுக்கு எழுதி மதிப்பெண் இழந்தாள். தவறு அவளுடையது இல்லை.

இதே பம்பை இப்போது வேறு மாதிரி எடுக்கிறேன். மஞ்சள் அரளி வேலி ஓரத்தில் எல்லாரும் பார்த்த செடி. அதன் நஞ்சு சோடியம்–பொட்டாசியம் பம்பைத்தான் அடைக்கிறது. பொட்டாசியம் செல்லுக்குள் போக முடியாமல் ரத்தத்தில் ஏறுகிறது, இதயத் துடிப்பு தடுமாறுகிறது. ஒடுவந்தழையும் இந்தப் பக்கத்து மருத்துவமனைகளுக்குப் பழக்கமான விஷம்தான். அது சிறுநீரகக் குழாய்களைக் கெடுத்துப் பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது, ரத்தத்தில் அளவு இறங்குகிறது, தசை தளர்கிறது. இரண்டும் செடி விஷம். ஒன்றில் பொட்டாசியம் ஏறும், இன்னொன்றில் இறங்கும். தாவரக்காரனுக்கு இலையைப் பார்த்தால் பெயர் தெரியும். இரவு இரண்டு மணிக்கு அவசர சிகிச்சையில் நிற்கப்போகிறவருக்கு அந்தப் பெயரோடு ரத்தத்தின் பொட்டாசியம் அளவும் ஈ.சி.ஜி.யும் வேண்டும். பாடத்தை அங்கே கொண்டு போய் நிறுத்தாவிட்டால் பாதி வழியில் இறக்கிவிட்ட மாதிரிதான்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. பழைய வேலையையே மறைத்து, 'நானும் மருத்துவ ஆளுதான்' என்று காட்டிக்கொள்வது. கால்சிசினை எடுத்துக்கொள்ளுங்கள். செங்காந்தள் கிழங்கில் இருக்கிறது, விதையிலும் இருக்கிறது. செடி ஆய்வகத்தில் குரோமோசோமை இரட்டிப்பாக்க அதை வருஷக்கணக்கில் பயன்படுத்தியிருப்போம். செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் நுண்குழல்கள் உருவாகாமல் அது தடுக்கிறது. அதே மருந்தைக் கீல்வாத வகைகளில் ஒன்றான கவுட்டுக்குக் கொடுக்கிறார்கள், அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. ஏன் ஆபத்து என்பதை, நுண்ணோக்கியில் நின்றுபோன செல்பிரிவை நேரில் பார்த்தவர் சொன்னால் மாணவர்கள் மறக்கமாட்டார்கள். எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்று கேட்டால் மட்டும் அங்கே நிறுத்திவிட வேண்டும். "பொது மருத்துவத் துறையில் கேட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. நான் ஒரு தடவை தெரிந்த மாதிரி சொல்லிவிட்டு, மறுநாள் அதே வகுப்பில் திருத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அது கேட்டுச் சொல்வதைவிட வெட்கமாக இருந்தது.

(தெருக்காரர்கள் விஷயமும் இதில் அடங்கும். மெடிக்கல் காலேஜில் வேலை என்று தெரிந்ததும் ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு வீட்டுக்கு வருவார்கள். டீ கொடுத்து டாக்டரிடம் அனுப்பிவிடுங்கள்.)

வார்டுப் பக்கம் போகாமலே பாடம் எடுப்பது அடுத்தது. 2019இல் வந்த திறன் அடிப்படையிலான பாடத்திட்டத்தில் முதலாண்டு மாணவர்களே நோயாளியைப் பார்க்கிறார்கள். ஆசிரியர் பார்க்காமல் இருந்தால் எப்படி? துறைத்தலைவரிடம் கேட்டு வாரம் ஒரு காலை ஓ.பி.யில் ஓரமாக உட்கார்ந்தேன். ரத்தத்தில் பொட்டாசியம் குறைவதை நான் 'ஹைப்போகலீமியா' என்று சொல்லிக்கொண்டிருந்தது அங்கே "கால் ரெண்டும் துணி மாதிரி ஆயிடுச்சுங்க" என்று வந்தது. என் குறிப்பேடு அன்றிலிருந்து மாறியது.

ஆய்வை மொத்தமாகக் கைவிடுவதையும் சொல்ல வேண்டும். அறுவடைக்கு முந்தைய வாரங்களில் மழை பொய்த்து மண் காய்ந்தால் நிலக்கடலையில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை ஏறும், அஃப்லாடாக்சின் சேரும். என் முனைவர் பட்டத்துக்காகக் காய்ந்த வயலில் நின்று பார்த்தது இதைத்தான். அந்த நஞ்சு மனிதனின் கல்லீரலுக்குப் போனதும் அங்குள்ள நொதிகளே அதை இன்னும் மோசமான வடிவத்துக்கு மாற்றுகின்றன. அது டி.என்.ஏ.யில் ஒட்டிக்கொண்டு, புற்றைத் தடுக்கும் பி53 மரபணுவைக் கெடுக்கிறது. கல்லீரல் புற்றுநோய்க்கு அது ஒரு காரணம். இந்தப் பாடம் புத்தகத்தில் இருந்தும், மூன்று வருஷம் என் வயலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துக்கொண்டிருந்தேன். மெடிக்கல் காலேஜில் மல்லாட்டை எதற்கு என்ற கூச்சம்.

நாலாவது வருஷம் சொன்னேன். அணைக்கட்டு ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி கை தூக்கினாள். "சார், எங்க வீட்ல கருத்துப்போன கொட்டையைச் செக்குக்குப் போட்ருவாங்க. அப்போ அந்த விஷம் எங்க போகும்?"

எண்ணெயில் கொஞ்சம்தான் வரும், பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும் என்றேன். புண்ணாக்கை மாடு தின்னும். மாட்டின் கல்லீரல் அதை அஃப்லாடாக்சின் எம்1 ஆக மாற்றும், அது பாலில் இறங்கும். அந்தக் கேள்விக்கு மட்டும் நான் யாரிடமும் கேட்டு வர வேண்டியிருக்கவில்லை.