இடைக்கால இல்லத்தில் தங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீடிழந்தவர்களுக்கு உடனடியாகப் படுக்க இடம் தரும் அவசரக் காப்பகத்துக்கும், சொந்தப் பெயரில் எடுக்கும் வாடகை வீட்டுக்கும் நடுவில் நிற்பது இடைக்கால இல்லம். பெரும்பாலும் ஆறு மாதம் முதல் 24 மாதம் வரை தங்கலாம். அந்தக் கெடுவுக்குள் நிலையான வீட்டுக்கு மாற வேண்டும் என்பதே ஏற்பாடு.

கெடு நீளமானது என்று நம்புவதுதான் மிகப் பெரிய தவறு. நெடுநாள் அலைச்சலுக்குப் பின் கதவைச் சாத்திக்கொண்டு உறங்க ஓர் அறை கிடைத்தவருக்குச் சில வாரங்கள் எதையும் நினைக்காமல் இருக்கத் தோன்றும். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் தொலைந்திருந்தால், ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றைக் கேட்பார்கள் என்பதால் அதற்கே மாதங்கள் கழிந்துவிடும். குறைந்த வாடகை வீடுகளுக்கான காத்திருப்போர் பட்டியலோ இல்லத்தின் கெடுவைவிட நீண்டதாக இருக்கலாம். ஆகவே முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடுவது அடுத்த தவறு. இரவு எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், வெளியே எத்தனை நாள் தங்கலாம், அறையைச் சோதிப்பார்களா, வருமானத்தில் எவ்வளவு கட்டணமாகப் பிடிப்பார்கள், அதில் ஒரு பகுதி சேமிப்பாகத் திரும்பி வருமா, வெளியேறச் சொன்னால் யாரிடம் முறையிடலாம் என்பவற்றைக் கேட்டறிந்து, ஒப்பந்தத்தின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாடகைதாரருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு இங்கே தங்குவோருக்குக் கிடைக்காமல் போகலாம் என்பதால், இந்தக் கேள்விகளைக் கேட்கக் கூச்சப்படவே கூடாது.

வேலை போய்விட்டது, கட்டணம் கட்ட முடியவில்லை, விட்டிருந்த குடிப்பழக்கம் திரும்பிவிட்டது போன்ற செய்திகளை நலப் பணியாளரிடம் பலர் மறைக்கிறார்கள். இடம் பறிபோய்விடும் என்ற அச்சமே காரணம். சில இல்லங்களில் விதிகள் கடுமையானவை என்பதால் அந்த அச்சத்தை வீண் என்று தள்ளிவிடவும் முடியாது. இருந்தாலும், முன்கூட்டியே சொன்னால் கட்டணத்தைத் தவணையாக்கவோ சிகிச்சைக்கு அனுப்பவோ அவரால் முயல முடியும். பிறர் வழியாகத் தெரியவந்தபின் அந்த வாய்ப்பு குறைகிறது.

சமையலறை, குளியலறை முறைகளில் அறைத்தோழருடன் வரும் உரசலை முற்றவிடாமல் பணியாளர் முன்னிலையில் பேசித் தீர்ப்பது நல்லது.

கட்டண ரசீதுகளைத் தூக்கி எறிந்துவிடுவது சிறிய தவறாகத் தோன்றும். ஆனால் புதிய வீட்டு உரிமையாளர் முந்தைய வாடகை விவரம் கேட்கும்போது, அந்த ரசீதுகளும் இல்லத்தார் தரும் கடிதமும் தவிரக் காட்டுவதற்கு உங்களிடம் வேறெதுவும் இல்லாமல் போகலாம்.