ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை

என் மகனுக்கு நான்கரை வயதானபோது, "செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு சாப்பிட வா" என்று சொன்னால், ஒற்றைச் செருப்போடு சன்னலருகே நின்று எறும்பைப் பார்த்துக்கொண்டிருப்பான். பிடிவாதம் என்று எண்ணி அதட்டியது என் தவறு. மருத்துவர் முதலில் அவனது செவித்திறனைச் சோதித்து, உறக்கத்தைப் பற்றி விசாரித்தார். பிறகு, கவனம் நிலைக்காமல் ஓயாது துறுதுறுவென்றிருக்கும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாட்டின் (ADHD) அறிகுறிகள் தெரிவதாகச் சொல்லி, மருந்து எழுதாமல் எங்களைப் பயிற்சிக்கு அனுப்பினார். (பயிற்சி எனக்கா என்று சற்றுக் கோபங்கூட வந்தது.) இக்குறைபாடுள்ள 4, 5 வயதுக் குழந்தைகளுக்கு, அவர்களின் நடத்தையைக் கையாளப் பெற்றோருக்குத் தரும் பயிற்சியே முதல் சிகிச்சை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமியின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் கூறுகிறது.

பயிற்சியில் நாங்கள் கற்றது இதுதான்: தூரத்திலிருந்து கூவாமல் அருகில் சென்று, அவன் கண்மட்டத்துக்குக் குனிந்து, ஒரே ஒரு வேலையை மட்டும் சொல்லி, அவன் அதைச் செய்த நொடியிலேயே, "செருப்பை ஓரமாக வைத்துவிட்டாயே" என்று செய்ததைச் சுட்டிப் பாராட்ட வேண்டும். வெறுமனே "நல்ல பிள்ளை" என்பது அவனிடம் எடுபடவில்லை. காலை வேலைகளை நான்கு படங்களாக வரைந்து கதவில் ஒட்டினோம். இரண்டு வாரம் பலன் தெரியவில்லை, பொறுமையிழந்தது நான்தான். மூன்றாம் வாரம், அவனாகவே படத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பல்துலக்கப் போனான். கதை கேட்கும்போது இப்போதும் நெளிவான். பிசைந்துகொண்டிருக்கக் களிமண் உருண்டை ஒன்றைக் கையில் கொடுத்துவிடுகிறோம்.