நாற்பதுக்கு மேல் உயர்கணிதம்: எப்சிலான்–டெல்டாவில் தடுக்கி விழாமல்

பள்ளியில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள்கூட, பல ஆண்டு கழித்து மெய்ப்பகுப்பாய்வை (real analysis: எல்லை, வகையிடல், தொகையிடலைக் கறாராக நிறுவிக் காட்டும் கணிதம்) கையில் எடுத்தால் முதல் மாதத்திலேயே திணறுவார்கள். வயதின் மேல் பழி போட வேண்டாம். பள்ளிக் கணிதம் விடை கேட்டது. இது நிறுவல் கேட்கிறது.

முதல் 6 வாரம் துருவைத் தேய்க்க. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசம். 11, 12-ஆம் வகுப்பில் எல்லை, வகையிடல், தொகையிடல் பாடங்கள் போதும். அசமன்பாடுகளையும் மட்டு மதிப்பையும் மட்டும் கூடுதலாகப் போட்டுப் பழகுங்கள். பின்னால் கை நடுங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

அடுத்தது சொல்வரிசை. ‘ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு’ வேறு, ‘எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி உண்டு’ வேறு. எல்லையின் வரையறை முதல் வகை. விடை எல்லைக்கு எவ்வளவு அருகில் வர வேண்டும் என்ற சிறு தூரம்தான் எப்சிலான்; அதைக் கற்பனை எதிராளி ஒருவர் தருகிறார். அதைப் பார்த்தபின், உள்ளே போடும் எண் எவ்வளவு அருகில் இருந்தால் போதும் என்ற தூரத்தை, அதாவது டெல்டாவை, நாம் தருகிறோம்.

அ என்ற எண் 2-ஐ நெருங்கும்போது அதன் வர்க்கம் 4-ஐ நெருங்கும் என்று நிறுவ வேண்டும். வர்க்கத்துக்கும் 4-க்கும் உள்ள வித்தியாசம் (அ − 2)(அ + 2). இங்கே பலரும் ‘டெல்டா = எப்சிலான் ÷ (அ + 2)’ என்று எழுதிவிடுகிறார்கள். தவறு: டெல்டா அ-வைச் சார்ந்து இருக்கக் கூடாது, அ எது என்று தெரியும் முன்பே அதைத் தந்தாக வேண்டும். அதனால் முதலில் அ-வை 2-இலிருந்து 1 தூரத்துக்குள் கட்டிப்போடுங்கள். இப்போது அ + 2 என்பது 5-ஐத் தாண்டாது. 1, எப்சிலான் ÷ 5 இரண்டில் சிறியதே டெல்டா.

தினம் 45 நிமிடம், வாரம் 5 நாள். ஒரு நிறுவலைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளில் எழுதுங்கள். சிக்கினால் அடுத்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடுங்கள். மறுநாள் முதலிலிருந்து. ஐஐடிகள் இணையத்தில் தரும் என்பிடெல் (NPTEL) விரிவுரைகள் நல்லவைதான். பேனா இல்லாமல் பார்த்தால் புரிந்த மாதிரி இருக்கும், அவ்வளவே.

தேறிவிட்டதா என்று பார்க்க, வர்க்கத்துக்குப் பதில் அ-வின் கனம் (அ × அ × அ) 8-ஐ நெருங்குவதை நிறுவுங்கள். அதே 1 தூரக் கட்டோடு, 5 இருந்த இடத்தில் 19 வர வேண்டும். 12 வந்தால், அ-வைக் கட்டாமல் 2-ஐயே நேராகப் போட்டுவிட்டீர்கள்.