புதுசா ஒரு கேசினோ சீட்டாட்டம் யோசிக்கிறீங்களா? இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

உள்ளே வெளியே ஆட்டம் தெரியாத ஆளு நம்ம ஊர்ல கம்மி. கட்டுல இருந்து ஒரு சீட்டை உருவி நடுவுல திறந்து வெச்சுட்டு மீதி சீட்டை உள்ளே ஒண்ணு வெளியே ஒண்ணுன்னு மாத்தி மாத்தி போட்டுக்கிட்டே போவாங்க, நடுச்சீட்டோட ஜோடி எந்தப் பக்கம் முதல்ல விழுதோ அந்தப் பக்கம் காசு வெச்சவங்களுக்கு ஜெயிப்பு. இதுதான் வடக்க அந்தர் பாஹர், கோவா கேசினோல இதுக்குன்னு தனி டேபிளே இருக்கு. பாக்குறவங்க எல்லாரும் சரிபாதி வாய்ப்புன்னுதான் சொல்லுவாங்க. ஆனா உக்காந்து எண்ணிப் பாருங்க: நடுச்சீட்டு போக மீதி 51 சீட்டு, அதுல ஜோடி சேர்றது 3. முதல் சீட்டு விழுற பக்கம் எப்பவும் ஒரு அடி முன்னாடியே இருக்கறதால அந்தப் பக்கம் ஜெயிக்கிற வாய்ப்பு 51.5%, இன்னொரு பக்கம் 48.5%. ரெண்டு பக்கத்துக்கும் ஒண்ணுக்கு ஒண்ணு குடுத்தீங்கன்னா முதல் பக்கத்துலயே காசு வெச்சுட்டு இருக்கறவரு 100 ரூபாய்க்கு சராசரியா 3 ரூபா கேசினோகிட்ட இருந்து எடுத்துட்டுப் போய்ட்டே இருப்பாரு. அதனாலதான் பல கேசினோல முதல் பக்கம் ஜெயிச்சா ஒண்ணுக்கு 0.9தான் குடுக்கறாங்க, அப்ப கேசினோவுக்கு முதல் பக்கத்துல சுமார் 2.15%, இன்னொரு பக்கத்துல 3% நிக்குது.

புதுசா ஆட்டம் யோசிக்கிறவங்க பண்ற பெரிய தப்பு இங்கதான் ஆரம்பிக்குது. ரூல் எழுதிட்டு, பேரு வெச்சுட்டு, டேபிள் டிசைன் கூட வரைஞ்சுட்டு, கடைசியாதான் கணக்குக்கு வர்றாங்க, வந்து பாத்தா ஆட்டம் ஆடுறவன் பக்கம் சாஞ்சிருக்கு இல்லன்னா கேசினோ 15% புடுங்குது. உடனே அங்க ஒரு கமிஷன் இங்க ஒரு விதிவிலக்குன்னு ஒட்டுப் போட ஆரம்பிச்சு, சின்ன ஆட்டமா இருந்தது ரெண்டு பக்க ரூல் புக்கா ஆயிடுது. கேசினோவோட பங்கு, அதான் ஹவுஸ் எட்ஜ், ரூலுக்குள்ள எந்த இடத்துல இருந்து வருதுங்கறத முதல்லயே முடிவு பண்ணிட்டுதான் மத்ததெல்லாம் யோசிக்கணும். நான் இந்தக் கட்டுரைல சொல்ல வர்றதே ஏறக்குறைய இதைத்தான்.

சின்னதா ஒரு உதாரணத்துல பாப்போம். டீலருக்கு ஒரு சீட்டு உங்களுக்கு ஒரு சீட்டு, பெரிய சீட்டு ஜெயிக்கும், அவ்ளோதான் ஆட்டம். இதை விட சுலபமா ஒண்ணு யோசிக்கவே முடியாது. ஆனா ரெண்டும் ஒரே நம்பரா வந்தா? காசைத் திருப்பிக் குடுத்தா கேசினோவுக்கு லாபம் சுத்தமா பூஜ்யம், ஏன்னா மத்தபடி ரெண்டு பேருக்கும் ஒரே வாய்ப்பு. சரி சமம் வந்தா டீலர் எடுத்துக்குவாருன்னு வெச்சா ஆறு கட்டை ஒண்ணா கலந்து ஷூங்கற பெட்டில வெச்சுப் போடறப்ப சமம் வர்ற வாய்ப்பு 7.4%, அந்த 7.4% மொத்தமும் கேசினோவுக்குப் போகும். அது ஜாஸ்திங்கறது ஒரு பக்கம் இருக்கட்டும், ஆடுறவருக்கு கண்ணு முன்னாடியே ஏமாத்தின மாதிரி இருக்கும், ஒரே மாதிரி ராஜா வந்திருக்கு நீ ஏன் என் காசை எடுக்கறன்னு கேப்பாரு, கேக்கறதுல நியாயமும் இருக்கு. கேசினோ வார்னு உண்மையிலயே ஓடுற ஆட்டம் இதை எப்படி தீர்த்துச்சுன்னு பாருங்க: சமம் வந்தா பாதிக் காசை விட்டுட்டு ஒதுங்கிக்கலாம், இல்லன்னா இன்னொரு பந்தயம் வெச்சு சண்டைக்குப் போகலாம், சண்டைல ஜெயிச்சா ரெண்டாவது பந்தயத்துக்கு மட்டும்தான் காசு, தோத்தா ரெண்டும் போச்சு. ஒதுங்கினா எட்ஜ் 3.7%, சண்டைக்குப் போனா சுமார் 2.9%. அதே இடம்தான், அதே சமம்தான், ஆனா இப்ப அது ஆட்டத்தோட உச்சகட்டமா மாறிடுச்சு, சுத்தி இருக்கறவங்க எல்லாம் எட்டிப் பாக்கற இடம் அதுதான்.

இதுல என்னைக் கேட்டா, 21ஐத் தாண்டாம அதுக்குக் கிட்ட வர்றவர் ஜெயிக்கிற பிளாக்ஜாக்கை அடிச்சுக்க ஆளே இல்ல. அங்க கேசினோவோட லாபம் வர்றது ஒரே ஒரு விஷயத்துல இருந்து, நீங்க முதல்ல ஆடணும். 21 தாண்டிட்டீங்கன்னா காசு அப்பவே போயிடும், அப்பறம் டீலரும் 21 தாண்டினாலும் திரும்ப வராது. டீலர் மாதிரியே 17 வர்ற வரைக்கும் நீங்களும் எடுத்துட்டே இருந்தா தாண்டற வாய்ப்பு ஒவ்வொருத்தருக்கும் சுமார் 28%, ரெண்டு பேரும் சேர்ந்து தாண்டறது ஏறக்குறைய 8%, அந்த 8%தான் கேசினோவோட மூலதனம். அதுல ஒரு பகுதியை பிளாக்ஜாக்குக்கு (முதல் ரெண்டு சீட்டுலயே 21) ரெண்டுக்கு மூணுன்னு குடுத்தும், டபுள் (பந்தயத்தை ரெட்டிப்பாக்கறது), ஸ்ப்ளிட் (ஜோடியை ரெண்டு கையா பிரிக்கறது) எல்லாம் ஆடுறவருக்கு மட்டும் குடுத்தும் திருப்பி விடறாங்க, சரியா ஆடத் தெரிஞ்சவருக்கு எதிரா கடைசில 0.5% பக்கம்தான் நிக்குது. யாருமே இதை அநியாயம்னு சொன்னதில்ல, முதல்ல ஆடறது இயல்பான ஒண்ணுதானே. ஆனா அதே ஆட்டத்துல பிளாக்ஜாக்குக்கு ரெண்டுக்கு மூணுங்கறதுக்குப் பதிலா அஞ்சுக்கு ஆறுன்னு மாத்தினப்ப எட்ஜ் சுமார் 1.4% ஏறிச்சு, விஷயம் தெரிஞ்சவங்க இன்னிக்கு வரைக்கும் அந்த டேபிளைத் திட்டிட்டுதான் இருக்காங்க.

அடுத்த தப்பு போக்கர்ல இருந்து எந்தக் கை பெருசுங்கற வரிசையை அப்படியே தூக்கிட்டு வர்றது. அஞ்சு சீட்டு போக்கர்ல கலர் (எல்லாம் ஒரே ஜாதிச் சீட்டு), சீக்வென்ஸை (தொடர் நம்பர்) விட பெருசு. மூணு சீட்டா குறைச்சா அது தலைகீழா மாறிடும். 52 சீட்டுல மூணு எடுத்தா மொத்தம் 22,100 விதமான கை, அதுல கலர் 1,096, சீக்வென்ஸ் 720தான், அப்ப சீக்வென்ஸ்தானே அபூர்வம்? அதே மாதிரி மூணும் ஒரே நம்பர் வர்றது 52 விதம், ஒரே கலர்ல சீக்வென்ஸ் 48. 1994ல டெரெக் வெப் உருவாக்கின, டீலரை எதிர்த்து மூணு சீட்டுல ஆடற த்ரீ கார்டு போக்கர்ல இதை எல்லாம் எண்ணித்தான் வரிசை வெச்சாரு. நம்ம மூணு சீட்டு, அதான் தீன் பத்தில மூணும் ஒண்ணா வர்ற ட்ரெயில்தான் உச்சம், கணக்குப்படி பாத்தா அது இரண்டாவதா வரணும், ஆனா ஆடுறவங்க நடுவுல போட்ட காசு அவங்களுக்குள்ளயே சுத்துற ஆட்டத்துல அதனால யாருக்கும் நஷ்டம் இல்ல. கேசினோ டேபிள்ல ஒவ்வொரு கைக்கும் இவ்வளவுன்னு பட்டியல் போட்டு காசு குடுக்கறப்பதான் அது கடிக்கும். சீட்டு எண்ணிக்கையை மாத்தினாலும் சரி, ஜோக்கர் சேத்தாலும் சரி, 2ல இருந்து 5 வரைக்கும் எடுத்துட்டாலும் சரி, எல்லாத்தையும் மறுபடி முதல்ல இருந்து எண்ணணும்.

பட்டியல்னு சொன்னதும் இதையும் சொல்லிடறேன், அதுல ஒரே ஒரு நம்பரை மாத்தறது சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. த்ரீ கார்டு போக்கர்ல பேர் பிளஸ்னு (Pair Plus) ஒரு பந்தயம், டீலர் கையைப் பாக்காம உங்க மூணு சீட்டுக்கு மட்டும் காசு, ஜோடிக்கு 1, கலருக்கு 4, சீக்வென்ஸுக்கு 6, மூணும் ஒரே நம்பர்னா 30, கலர் சீக்வென்ஸுக்கு 40. எட்ஜ் 2.32%. கலருக்கு 4ஐ 3ன்னு மாத்துங்க, வேற எதையும் தொட வேண்டாம், 7.28% ஆயிடும். அடிக்கடி வர்ற கையோட பரிசுலதான் எட்ஜே இருக்கு, உச்சில இருக்கற 40ஐ 50 ஆக்கினா கூட 2%தான் மாறும், ஏன்னா அது 22,100க்கு 48 தடவைதான் வரும். இன்னொண்ணு, அந்தப் பந்தயத்துல நாலு கைக்கு ஒரு தடவை ஏதாவது ஒண்ணு கிடைச்சுட்டே இருக்கும் (சரியா சொன்னா 25.6%). புதுசா யோசிக்கிறவங்க பெரிய பரிசு மேல இருக்கற ஆசைல எல்லாக் காசையும் உச்சில கொண்டு போய் வெச்சுடறாங்க, அப்ப சாதாரணமா உக்காந்தவரு இருபது கை தொடர்ந்து தோத்துட்டு எந்திரிச்சுப் போயிடுவாரு. கணக்கு சரியாத்தான் இருக்கும், டேபிள் காலியா இருக்கும்.

எட்ஜ் எவ்வளவு ஜாஸ்தியோ அவ்வளவு நல்லதுன்னு நினைக்கிறதும் தப்புதான். கேசினோ பாக்கறது ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவுங்கறதை. 500 ரூபா பந்தயம், 2% எட்ஜ், மணிக்கு 60 கை ஓடுதுன்னா ஒரு ஆளுக்கு 600 ரூபா. அதே 500 ரூபாய்க்கு 4% எட்ஜ் இருக்கு ஆனா யோசிச்சு யோசிச்சு மணிக்கு 25 கைதான் ஓடுதுன்னா 500 ரூபா. ஆடுறவருக்கு குறைச்சலா வலிக்கிற ஆட்டமே கேசினோவுக்கு ஜாஸ்தி குடுக்குது. அதனால நாலஞ்சு இடத்துல முடிவு எடுக்க வைக்காதீங்க. த்ரீ கார்டு போக்கர்ல ஒரே ஒரு முடிவுதான், இருக்கலாமா போகலாமா, அதுக்கும் சரியான பதில் ராணி-6-4 இல்ல அதுக்கு மேல இருந்தா இருன்னு ஒரே வரில முடிஞ்சுது. பேங்கர், பிளேயர்னு ரெண்டு பக்கத்துல ஒண்ணுல காசு வைக்கிற பாக்கரா ஆட்டத்துல பேங்கர் பக்கம் ஜெயிச்சா 5% கமிஷன் பிடிக்கணும், டீலர் ஒவ்வொரு தடவையும் சில்லறை கணக்குப் பாத்துட்டு இருக்கணும், அதைத் தூக்கறதுக்காகவே ஈஸி பாக்கரான்னு ஒண்ணு வந்துச்சு, அதுல பேங்கர் மூணு சீட்டுல 7 எடுத்து ஜெயிச்சா மட்டும் காசு திரும்பிடும், கமிஷனே கிடையாது. ஒரு சின்ன ரூல் அந்தச் சில்லறைத் தொல்லையையே தூக்கிடுச்சு.

ஏமாத்தாமலேயே உங்க ஆட்டத்தை ஜெயிக்க ஒருத்தன் வருவான், அவனை மறந்துடாதீங்க. 1962ல எட்வர்ட் தார்ப்ங்கற கணிதப் பேராசிரியர், போன சீட்டை நினைவு வெச்சு பிளாக்ஜாக்ல கேசினோவை ஜெயிக்கலாம்னு எழுதினாரு, 1964ல லாஸ் வேகஸ் கேசினோக்கள் பயந்துபோய் டபுள், ஸ்ப்ளிட் ரூலை இறுக்கிப் பாத்தாங்க, ஆளுங்க டேபிள் பக்கம் வராம போனதால சில வாரத்துலயே பழைய ரூலுக்கே திரும்பினாங்க. ஷூல இருந்து கலைக்காம தொடர்ந்து போடற எந்த ஆட்டத்துலயும் இந்த ஓட்டை இருக்கும், அதுவும் ஒரு குறிப்பிட்ட சீட்டை நம்பி இருக்கற சைடு பெட்னா (கூடுதலா தனியா வைக்கிற பந்தயம்) ரொம்பவே. ஒவ்வொரு கைக்கும் புதுசா கலைச்சா இது போச்சு, ஆனா அதுக்கு மெஷின் வேணும், இல்லன்னா வேகம் போயிடும். (ஷஃபிள் மாஸ்டர் ஆரம்பிச்ச ஜான் ப்ரீடிங் லெட் இட் ரைடுங்கற ஆட்டத்தை உருவாக்கினதே தன்னோட கலைக்கிற மெஷினை விக்கறதுக்காகத்தான்.) கலைச்சாலும் இன்னொண்ணு இருக்கு, டீலர் சீட்டு போடறப்ப அடிச்சீட்டு ஒரு நொடி தெரிஞ்சா போதும், த்ரீ கார்டு போக்கர் மாதிரி ஆட்டத்துல டீலரோட ஒரு சீட்டு தெரிஞ்சாலே எட்ஜ் ஆடுறவர் பக்கம் வந்துடும். ஆக எந்தக் கைல எடுத்து எப்படிக் கவுத்து எப்ப திறக்கணும்கறதும் ரூல்லயே வரணும்.

டெஸ்ட் பண்றதுக்கு வருவோம். நண்பர்களோட உக்காந்து 1,000 கை ஆடினோம் கேசினோ ஜெயிச்சுச்சுன்னு சந்தோஷப்படறவங்க நிறைய. ஒண்ணுக்கு ஒண்ணு ஆட்டத்துல 2% எட்ஜ்னா 1,000 கைல எதிர்பாக்கறது 20 பந்தயம் லாபம், ஆனா வெறும் அதிர்ஷ்டமே 60 பந்தயம் வரைக்கும் மேலயும் கீழயும் தள்ளிடும். அப்ப அந்த 1,000 கை எட்ஜ் பத்தி எதையுமே சொல்லல. கம்ப்யூட்டர்ல பத்து லட்சம் கை ஓட்டினா லாபம் 20,000 பக்கம், அதிர்ஷ்டம் தள்றது 2,000தான், அப்பதான் நிலவரம் தெரியும். அதுலயும் மூணு சீட்டு மாதிரி சின்ன ஆட்டத்துக்கு சிமுலேஷனே எதுக்கு, டீலரோட கை குறுக்க வராத பந்தயம்னா 22,100 கையையும் ஒரு சின்ன புரோகிராம் ஒண்ணு விடாம எண்ணிடும், பதில் துல்லியமா வரும். நண்பர்களோட ஆடறது வேற விஷயத்துக்கு: எங்க ரூல் புரியாம நிக்கறாங்க, எங்க அடுத்தவங்க கையை எட்டிப் பாக்கறாங்க, எப்ப போனை எடுக்கறாங்கன்னு பாருங்க. தயவுசெஞ்சு காசு வெச்சு ஆடாதீங்க, புளியங்கொட்டை போதும். தமிழ்நாட்டுல காசு வெச்சு சூதாடறது குற்றம், ஆன்லைன்ல பணம் கட்டி சூதாடறதுக்கு எதிராவும் 2023ல தனிச் சட்டம் அமலுக்கு வந்துடுச்சு, இந்தியால கேசினோ லைசென்ஸ் குடுக்கறதே கோவா, சிக்கிம் மாதிரி ரொம்ப சில இடத்துலதான்.

கடைசியா, ஆட்டத்தை யாருக்குக் காட்டறதுங்கறது. 1985ல லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பெல்ங்கற ஊர்ல கார்டு கிளப் வெச்சிருந்த சாம் டொரோசியன் பை காவ் போக்கரை உருவாக்கினாரு, இதுக்கெல்லாம் பேடன்ட் வாங்க முடியாதுன்னு மத்தவங்க சொன்னதை நம்பி விட்டுட்டாரு, ஆட்டம் உலகம் பூரா பரவுச்சு, ராயல்டின்னு அவருக்கு ஒண்ணும் வரல. அதைப் படிச்சுட்டு உடனே பேடன்ட்டுக்கு ஓடறவங்களும் இருக்காங்க, ஆனா காலம் மாறிடுச்சு. 2016ல பேடன்ட் மேல்முறையீட்டை விசாரிக்கிற அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் கோர்ட்டு ஒரு பிளாக்ஜாக் மாதிரி ஆட்டத்தோட ரூலுக்கு பேடன்ட் கிடையாதுன்னுடுச்சு, சாதாரண சீட்டுக்கட்டுல ஆடற ரூல் வெறும் கருத்துதான்னு. இந்தியால பேடன்ட் சட்டம் 3(எம்) பிரிவுலயே விளையாடும் முறைக்கு பேடன்ட் இல்லன்னு நேரடியா இருக்கு. ரூலுக்கு காப்பிரைட்டும் வராது, நீங்க எழுதின வாசகத்துக்கும் டேபிள் ஓவியத்துக்கும்தான் வரும். பேரை டிரேட்மார்க் பண்ணலாம், அதனால பேருக்கு செலவழிக்கிற நேரம் வீண் இல்ல. நெவாடா மாதிரி இடத்துல கட்டுப்பாட்டு வாரியம் ஒப்புதல் குடுக்கறதுக்கு முன்னாடி ஜிஎல்ஐ மாதிரி கேசினோ ஆட்டங்களைச் சோதிக்கிற லேப்ல இருந்து கணக்கு அறிக்கை கேப்பாங்க, அப்பறம் உண்மையான டேபிள்ல சோதனை ஓட்டம். கேசினோக்காரரைப் பாக்கப் போறப்ப கைல அந்த அறிக்கையும், ஒரே பக்கத்துல ரூலும், டீலருக்கு சீட்டு போடற முறையும் இருக்கணும், ரூலை நின்னபடியே அரை நிமிஷத்துல சொல்லி முடிக்கிற அளவுக்கு சுருக்கி வெச்சுக்கோங்க, அவருக்கு ரெண்டாவது தடவை விளக்க வேண்டி வந்தா அவரோட டீலர்களும் அதையேதான் ஒவ்வொரு புது ஆளுக்கும் பண்ணணும்னு அவருக்கு உடனே புரிஞ்சிடும்.