தாது வருடப் பஞ்சத்தைத் தரவுதளத்தில் தேடுவது எப்படி?

ஆய்வுத் தலைப்பை முழு வாக்கியமாகத் தேடுபெட்டியில் அடித்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று மூடிவிடுகிறவர்கள் நிறைய. ஆவணம் பெரும்பாலும் இருக்கும், ஆனால் அதை எழுதியவர் பயன்படுத்திய சொல் வேறாக இருக்கும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேரைக் கொன்ற தாது வருடப் பஞ்சத்தையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஊர்ப் பெயர். உங்கள் ஆய்வு தருமபுரி பற்றியது என்றால் அந்தப் பெயரில் தேடிக் கிடைப்பது கொஞ்சம்தான். அது தனி மாவட்டமானது 1965இல், கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். பஞ்ச காலத்தில் இரண்டும் சேலம் மாவட்டத்துக்குள் இருந்தன, ஆகவே சேலம் என்று தேடுங்கள். ஆங்கிலத்தில் தேடும்போது அன்றைய எழுத்துக்கூட்டல் வேண்டும்: திருநெல்வேலிக்கு டின்னவெல்லி (Tinnevelly), தஞ்சாவூருக்கு டான்ஜோர் (Tanjore), திருச்சிராப்பள்ளிக்கு டிரிச்சினாபொலி (Trichinopoly).

அப்புறம் பொருள். ஃபேமின் என்ற ஒரே சொல்லோடு நிற்காதீர்கள், ஸ்கேர்சிட்டி, டிஸ்ட்ரெஸ், ரிலீஃப் எல்லாவற்றையும் இடையிடையே ‘ஆர்’ (OR, ஏதாவது ஒன்று இருந்தால் போதும்) போட்டு ஒரே அடைப்புக்குறிக்குள் வைத்து, வெளியே ‘ஆண்ட்’ (AND, இதுவும் இருக்க வேண்டும்) போட்டு மெட்ராஸைச் சேருங்கள். இரண்டு சொல் சேர்ந்தே வர வேண்டுமென்றால் இரட்டை மேற்கோள் கட்டாயம். 1877இல் இந்திய அரசு பஞ்சத்தைப் பார்க்க அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், கூடக் கொஞ்சம் சில்லறை என்று குறைத்தார். அதை ‘டெம்பிள் வேஜ்’ என்பார்கள். மேற்கோள் இல்லாமல் அடித்தால் கோயில் பற்றிய கட்டுரைகளாக வந்து குவியும். மேற்கோளோடு அடித்தால், இவ்வளவு உழைப்புக்கு இந்தத் தானியம் போதாது என்று சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடியது வரை கிடைக்கும். எனக்கு இந்த விவாதம்தான் அந்தப் பஞ்சத்தின் மையம்.

தமிழில் ‘தாது’ என்று மட்டும் அடித்தால் கனிமமும் சித்த மருத்துவமும் வரும், ‘பஞ்சம்’ சேர்த்து அடியுங்கள், ‘க்ஷாமம்’ என்றும் ஒருமுறை பாருங்கள். தாது வருடம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும், 1936இலும் வந்தது, அதனால் ஆண்டு வரம்பு வைத்துவிடுவது நல்லது. பத்திரிகைகளிலும் காலத்தைப் பாருங்கள்: தி இந்து தொடங்கியது 1878இல், சுதேசமித்திரன் 1882இல், பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது இரண்டுமே இல்லை.

உருப்படியான ஒரு நூல் கிடைத்ததும் அதன் நூலகப் பதிவில் உள்ள பொருள் தலைப்பை, அதாவது நூல் எதைப் பற்றியது என்று நூலகர் இட்ட குறிப்பை, சொடுக்குங்கள். அதே பொருள் தலைப்பில் வகைப்படுத்திய மற்ற நூல்களும் வரும், நீங்கள் யோசித்தே பார்த்திராத சொற்களை நூற்பெயரில் கொண்டவை உட்பட. இந்த வழியைப் பலர் தொடுவதே இல்லை.

எங்கே தேடுவது? கட்டுரைகளுக்கு ஜேஸ்டோர், இலவசக் கணக்கிலேயே ஓரளவு படிக்கலாம். பழைய தமிழ் அச்சு நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகம், ரோஜா முத்தையா நூலகப் பட்டியல். தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் பெரும்பாலும் கோப்பின் தலைப்பில் உள்ள சொற்கள்தான் சிக்கும், அதனால் அங்கே ஒன்றிரண்டு சொல் போதும். ஸ்கேன் செய்த பழைய நூல்களில் இயந்திரம் எழுத்தைத் தப்பாகப் படித்திருக்கும், ஆகவே தேடலை மட்டும் நம்பாமல் பொருளடக்கத்தையும் புரட்டுங்கள்.

துறை, அரசாணை எண், தேதி மூன்றையும் கண்ட உடனே குறித்துவையுங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மூலக் கோப்பைக் கேட்க அவைதான் வேண்டும்.